முகட்டுக் கயிறு

ஜேர்மனியின் பீலெஃபெல்டில் ஒக்டோபர் பிறந்தால் சனங்கள் இரண்டு வேலை பார்ப்பார்கள். காருக்குக் குளிர்காலச் சில்லு மாற்றுவார்கள். பல்கனியிலும் தோட்டத்திலும் கோடை முழுக்கக் கிடந்த கதிரை, மேசை, வெயில் குடை, பிள்ளைகளின் ட்ராம்போலின் எல்லாவற்றையும் கெல்லர் என்கிற நிலவறைக்குள் இறக்குவார்கள். சில்லு மாற்றுவதில் ஒருவரும் பிந்துவதில்லை. பனியில் சறுக்கினால் பொலிசும் கேட்கும், காப்புறுதிக்காரரும் கேட்பார்கள். கதிரை இறக்குவதில் மட்டும் ஒரு சோம்பல். இன்னும் ஒரு வெயில் நாள் வரும், வெளியில் இருந்து ஒரு கோப்பி குடிக்கலாம் என்ற நப்பாசை. அப்படி விட்ட கதிரைகள்தான் ஜனவரியிலோ பெப்ரவரியிலோ அடுத்த வீட்டு யன்னலைத் தேடிப் போகின்றன.

நான் இந்த நகருக்கு வந்தது எண்பதுகளின் நடுவில். அந்தக் காலத்தில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் வந்த அதே வழி: கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம், அங்கிருந்து எல்லை கடந்து மேற்கு பேர்லின், பிறகு எந்த மாநிலத்துக்குப் பிரித்து அனுப்புகிறார்களோ அங்கே. எனக்கு விழுந்தது பீலெஃபெல்ட். இப்படி ஒரு ஊரே கிடையாது என்று ஜேர்மன்காரர் பகிடி விடுவார்கள். 1994 இல் ஒரு கணினி மாணவர் விளையாட்டாகக் கிளப்பிவிட்ட கதை அது. 2019 இல் நகரசபையே, ஊர் இல்லை என்று நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ தருவதாக அறிவித்தது; ஒருவராலும் நிரூபிக்க முடியவில்லை என்று சொல்லி பகிடிக்கு முற்றுப்புள்ளியும் வைத்தது. பகிடி முடியவில்லை என்பது வேறு. இல்லாத ஊருக்கும் காற்று வரத் தவறுவதில்லை.

டொய்ட்டோபுர்கர் காட்டு மலைத்தொடர் நகரின் குறுக்காக வடமேற்கிலிருந்து தென்கிழக்கே போகிறது. பெரிய மலை என்று சொல்ல முடியாது, 300 மீற்றரை ஒட்டிய உயரம். இடையில் ஒரு கணவாய், கணவாயின் வாயில் பழைய நகரம், அதற்கு மேல் ஸ்பாரன்புர்க் கோட்டை. நாங்கள் இருப்பது மலைக்குத் தெற்கே, ப்ராக்வேட பக்கம். குளிர்காலக் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும். எங்களைப் பார்த்துவிட்டுத்தான் மலை ஏறும். முதலில் கேட்பது வீட்டில் அடிக்கும் காற்றின் சத்தமல்ல, மலையில் நிற்கும் பீச் மரங்களின் இரைச்சல். தென்னை காற்றில் சடசடக்கும். நீங்கள் நித்திரையிலும் அதை அறிவீர்கள். பீச் மரம் உறுமும். அந்த உறுமல் எனக்குப் பிடிபடச் சில வருடங்கள் ஆயின. பிடிபட்ட பிறகு, வானிலை அறிக்கைக்கு முன்னமே பல்கனிக் கதவைப் போய்த் தட்டிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

தென்னை என்றால் எனக்கு எழுபத்தெட்டுத்தான். மட்டக்களப்பில் பிறந்து இன்று ஐம்பது தாண்டிய எவரிடமும் 'எழுபத்தெட்டு' என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். என்ன எழுபத்தெட்டு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். 1978 நவம்பர் 23, சூறாவளி அடித்த நாள்.

எங்கள் வீடு படுவான்கரையில். வாவிக்குக் கிழக்கே, கடலோரம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. மண்சுவர், கிடுகுக் கூரை. மாரி தொடங்க முன்னர் ஒவ்வொரு வருடமும் கூரை வேய்வார்கள். தென்னோலையைக் கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, பெண்கள் விறாந்தையில் இருந்து கிடுகு பின்னுவார்கள். பழைய கிடுகில் நல்லது வேலிக்குப் போகும், மிச்சம் அடுப்புக்கு. வேய்ந்து முடிந்த பிறகு கடைசி வேலை கயிறு. தும்புக் கயிற்றின் ஒரு நுனியில் கல்லைக் கட்டி, அப்பா முன் முற்றத்தில் நின்று முகட்டுக்கு மேலால் எறிவார். மறுபக்கம் பக்கத்து வளவு மாமா நிற்பார். "விடுறன் மச்சான், பிடி!" என்ற சத்தம் கேட்டதும் நாங்கள் ஓடி விலகுவோம். கயிறு மறுபக்கம் விழ, மாமா அதை இழுத்து, சாய்வாக நிலத்தில் அடித்த முளையில் சுற்றுவார். அப்பா இந்தப் பக்கம் இறுக்குவார். அளவாக இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் கயிறு கிடுகுக்குள் வெட்டி இறங்கி, அந்த இடத்தால் மழை ஒழுகும். இப்படி முன்னுக்கு, நடுவுக்கு, பின்னுக்கு என்று போட்டுக்கொண்டு போவார்கள். எங்கள் வீடு முடிந்ததும் அப்பா மாமா வீட்டுக்குப் போவார், கயிறு எதிர்த்திசையில் பறக்கும். கூரைக்குக் கயிறு கட்டத் தனி ஒருவரால் முடியாது; மறுபக்கத்தில் ஆள் வேண்டும்.

கயிறு கட்டிய பிறகு சின்ன வேலைகள். காய்ந்து தொங்கும் தென்னம் மட்டைகளைத் தட்டி விழுத்துவது, முற்றிய தேங்காய்களைப் பறித்துவிடுவது, கிணற்று வாளியைக் கழற்றி உள்ளே கொண்டுவருவது. நெல்மூட்டையைப் பரணிலிருந்து இறக்கி பெட்டகத்துக்குள் வைப்பார்கள். நெருப்புப்பெட்டியை மூடி இறுக்கமான பால்மா ரின்னுக்குள் போட்டு அம்மம்மா தன் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். வீட்டில் வேறு எதைத் தொட்டாலும் பேசாதவர், அந்த ரின்னைத் தொட்டால் மட்டும் ஏசுவார்.

அந்த வருடமும் எல்லாம் நடந்தது. கயிறு கட்டினார்கள், மட்டை தட்டினார்கள். பகல் முழுக்க வானம் ஒரு மாதிரி இருந்தது, வாவி கலங்கிப்போய்க் கிடந்தது. மீனுக்குப் போனவர்கள் வலையை வாரிக்கொண்டு வந்துவிட்டார்கள். இருட்டின பிறகு வடக்கிலிருந்து அடிக்கத் தொடங்கியது. கூரை போனது கயிற்றோடும் முளையோடும் சேர்ந்து. "மனே, உள்ளுக்கு வா" என்று அம்மம்மா கத்தியது நினைவிருக்கிறது; உள் என்று ஒன்று அப்போது இருக்கவில்லை. பள்ளிக்கூடக் கட்டடம் கல்லுக் கட்டடம் என்று எல்லாரும் அங்கே ஓடினோம்.

அதன் பிறகுதான் நான் இன்றுவரை வியக்கிற விஷயம் நடந்தது. காற்று நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை. பெரியவர்கள் சிலர் வெளியே போனார்கள், மாடு பார்க்க, வீடு பார்க்க. எங்கள் அயலில் ஒருவர் மாட்டை அவிழ்த்துவிடப் போனார். பிறகு தெற்கிலிருந்து அடித்தது. முதற் காற்றுக்குத் தப்பி ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மரங்களும் சுவர்களும் இரண்டாவது காற்றில் மறுபக்கம் விழுந்தன. மாடு அவிழ்க்கப் போனவரை அடுத்த நாள்தான் கண்டார்கள்.

சூறாவளியின் நடுவில் கண் என்று ஒரு அமைதியான இடம் இருக்கும், அது கடந்ததும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் என்பதை நான் படித்தது ஜேர்மனியில், மகளின் புவியியல் புத்தகத்தில். ஊரில் அதைத் தெரிந்தவர் எவரும் அன்றைக்கு எங்களோடு இருக்கவில்லை. அந்த ஒரு தகவல் வீட்டை ஆயத்தப்படுத்தும் வேலைகளில் முதலாவதாக இருந்திருக்க வேண்டும். கயிற்றைவிட அதுதான் முக்கியம்.

அன்று இறந்தவர்கள் தொள்ளாயிரத்துக்கு மேல். பாதிக்கப்பட்டவர்கள் பத்து லட்சத்தைத் தாண்டும். சேதமான கட்டடங்கள் இரண்டரை லட்சத்துக்குக் கிட்ட. மட்டக்களப்பு மாவட்டத்தின் 28,000 ஏக்கர் தென்னையில் பத்துக்கு ஒன்பது அழிந்தது. தலை முறிந்த தென்னைகள் வருடக்கணக்காக அப்படியே நின்றன. கிடுகுக்கு ஓலை இல்லை, கயிற்றுக்குத் தும்பு இல்லை. வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கான பொருளையும் சேர்த்தே காற்று கொண்டுபோயிருந்தது. தென்னம்பிள்ளை நட்டுக் காய்க்க வருடங்கள் ஆகும், அதுவரை தகரம். வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே இருந்து படித்த பிள்ளைகள் நாங்கள்.

இங்கே ஜேர்மனிக்கு வருகிற காற்று வேறு சாதி. வங்காள விரிகுடாச் சூறாவளி சூடான கடலிலிருந்து பலம் எடுக்கிறது. அதனால்தான் எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை. ஐரோப்பியக் குளிர்காலப் புயலுக்குப் பலம் கொடுப்பது வடதுருவக் குளிர்காற்றும் தெற்கின் இளஞ்சூட்டுக் காற்றும் அத்திலாந்திக்குக்கு மேல் முட்டிக்கொள்வது. அது ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை. இதற்குக் கண் கிடையாது, நடுவில் அமைதியும் கிடையாது. மணிக்கு 118 கிலோமீற்றரை எட்டினால் போபோர்ட் அளவில் 12, அதற்குமேல் அந்த அளவில் படி இல்லை, ஓர்க்கான் என்பார்கள். கடுமையில் எங்கள் சூறாவளிக்குக் கீழேதான் பெரும்பாலும். ஆனால் அகலம் பெரிது. ஒரே இரவில் அயர்லாந்திலிருந்து போலந்து வரை கூரை கிளப்பும்.

2007 ஜனவரி 18, வியாழக்கிழமை. கிரில் புயல் வந்த நாள். நான் பின்னேர வேலையில் நின்றேன். தொழிற்சாலைக் கூரையில் தகடு அடிக்கிற சத்தம் கேட்டதும் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்தில் நின்ற துருக்கிக்காரர், சுகமில்லையா என்று கேட்டார். எழுபத்தெட்டை அவருக்கு எந்த மொழியில் சொல்வது? கூரை போகும், வெளியே ஓட வேண்டும் என்று உடம்பு சொல்லியது. வெளியே ஓடக்கூடாது என்பதுதான் இந்த நாட்டில் பாடம். இங்கே கூரை பெரும்பாலும் நிற்கும். ஆளைக் கொல்வது வெளியே விழுகிற மரமும் ஓடும் பறக்கிற சாமானும்.

அன்று ஜேர்மனி முழுக்க ரயில்களை நிறுத்தினார்கள். அப்படி நாடு தழுவி நிறுத்தியது அதுதான் முதல்தடவை. எங்கள் ஆள் ஒருவர் ஹனோவர் ஸ்டேஷனில் இரவு முழுக்கக் குந்தியிருந்தார். பேர்லினில் புதிதாகத் திறந்த பிரதான ரயில் நிலையத்தின் முகப்பிலிருந்து பாரமான இரும்பு உத்திரம் ஒன்று கழன்று விழுந்தது. நல்லவேளை கீழே ஒருவரும் இல்லை. ஐரோப்பா முழுக்க நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 13 பேர் ஜேர்மனியில். எங்கள் மாநிலத்தின் தெற்கே ஸவர்லாந்தில் ஸ்ப்ரூஸ் மலைகள் ஒரே இரவில் மொட்டையாகின.

கிரில் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. பேர்லின் சுதந்திரப் பல்கலைக்கழக வானிலை நிறுவனம் 1954 முதல் தாழமுக்கங்களுக்கும் உயரமுக்கங்களுக்கும் பெயர் வைத்துவருகிறது. 2002 முதல் சில நூறு யூரோ கட்டினால் நீங்களும் பெயர் வைக்கலாம். பல்கேரியாவில் பிறந்த ஒரு தகப்பனின் 65ஆவது பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த பரிசுதான் கிரில். பாவம், மனுசன். எங்கள் எழுபத்தெட்டுக்கு ஒருவரும் பெயர் வைக்கவில்லை. வட இந்து சமுத்திரத்தில் சூறாவளிகளுக்குப் பெயர் வைக்கும் வழக்கமே 2004 இல்தான் வந்தது.

சரியாகப் பதினொரு வருடம் கழித்து, அதே ஜனவரி 18, அதுவும் வியாழக்கிழமை, ஃப்ரீடெரிக வந்தாள். ப்ரொக்கன் மலை உச்சியில் மணிக்கு 203 கிலோமீற்றர். திரும்பவும் நாடு முழுக்க நெடுந்தூர ரயில்கள் நின்றன. 2020 பெப்ரவரியில் ஸபீன. அந்தத் தடவை முதல்நாளே ரயிலையும் பள்ளிக்கூடத்தையும் நிறுத்தப் பழகியிருந்தார்கள். 2022 பெப்ரவரியில் இலேனியா, ஸெய்னெப், அன்டோனியா என்று ஒரே கிழமைக்குள் மூன்று. முதலாவதற்கே எங்கள் மாநிலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். இதைச் சொன்னால் ஊரில் உள்ள தங்கச்சி சிரிப்பாள்: "காத்துக்கு லீவா அண்ணன்?" லீவுதான். லீவு விட்டால் பிள்ளைகள் மரத்துக்குக் கீழால் நடந்துபோக மாட்டார்கள். ஒரு அரசு செய்யக்கூடிய ஆக நல்ல புயல் ஆயத்தம் அதுதான் என்று நான் நினைக்கிறேன், மணல்மூட்டையைவிட மலிவானதும்கூட.

மரம் விழும் பயம் இந்த மலைக்குப் புதிதல்ல. கி.பி. 9 இல் வாருஸ் என்ற ரோமத் தளபதியின் மூன்று படையணிகளை ஜெர்மானியர் அழித்த போர், டொய்ட்டோபுர்கர் காட்டுப் போர் என்றே வரலாற்றில் இருக்கிறது. சண்டை நடந்த இடம் எது என்று இன்னும் வாதாடுகிறார்கள். ஓஸ்னாப்ரூக்குக்கு வடக்கே கல்க்ரீஸ என்பது பலருடைய முடிவு. அந்தப் போரைப் பற்றி எழுதிய காசியஸ் டியோ, கடும் மழையும் காற்றும் அடித்ததையும், மரத் தலைகள் முறிந்து படைவீரர்மேல் விழுந்ததையும், வேரும் மரக்குற்றியும் கிடந்த நிலத்தில் கால் வழுக்கியதையும் சொல்கிறார். வென்ற தலைவன் ஹெர்மனுக்கு டெட்மோல்ட் அருகே 1875 இல் பெரிய சிலை திறந்தார்கள். காற்றுக்கும் ஒரு சின்னப் பலகை வைத்திருக்கலாம்.

இந்த மலையில் மிச்சமிருந்த ஸ்ப்ரூஸ் மரங்களைக் காற்று முழுக்க எடுக்கவில்லை. 2018 தொடங்கி வந்த வறட்சியும் பட்டை வண்டும் அவற்றை நின்ற நிலையில் கொன்றன. ஹெர்மன் பாதையில் நடந்தால் முன்பு இருட்டாய் இருந்த சரிவுகளில் இப்போது வெயில் விழுகிறது. புயலுக்கு அடுத்த நாள் காட்டுக்குள் போகாதீர்கள் என்று வனத்துறை ஒவ்வொரு தடவையும் சொல்லும். முறிந்து இன்னும் விழாத கொப்புகள் மேலே தொங்கும். காற்றே இல்லாத நேரத்தில் இறங்கும். அப்படியும் நாயோடு உலாவப் போகிறவர்களைக் காண்கிறேன். வானம் தெளிந்திருக்கும், வெயில் எறிக்கும், ஆட்களுக்கு மனம் லேசாகியிருக்கும். இங்கே கண் இல்லை என்று மேலே எழுதினேன். கண் செய்கிற வேலையை இங்கே இந்த அடுத்த நாள் செய்கிறது.

மேல்மாடியில் ஒரு ஜேர்மன் அம்மா இருந்தார். முப்பதுகளில் இதே நகரில் பிறந்தவர். எனக்கு முகட்டுக் கயிற்றின் மறுபக்கத்து ஆளாக வாய்த்தவர் அவர்தான். 1944 செப்டெம்பர் 30 குண்டுவீச்சில் பழைய நகரம் எரிந்தபோது சின்னப் பிள்ளை, கெல்லருக்குள் இருந்தவர். அன்று மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவருடைய கெல்லர் அறையை ஒரு நாள் எனக்குத் திறந்து காட்டினார். கண்ணாடிப் போத்தல்களில் அவித்து அடைத்த அவரைக்காயும் பிளம்ஸும், மூடியில் பென்சிலால் வருடம். தண்ணீர்ப் பெட்டிகள். பற்றரி றேடியோ, பற்றரியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார், உள்ளேயே விட்டால் கசிந்து பழுதாக்கும் என்று. அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் ரின். அதைத் திறந்தார்: மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி. எனக்கு அம்மம்மாவின் தலைமாடு ஞாபகம் வந்தது. ஒருவருக்கு ஒருவர் கதைக்கப் பாஷை தெரியாத இரண்டு கிழவிகள், ஒரே ரின்.

பேரிடர் உதவிக்கான மத்திய அலுவலகம் நீண்ட காலமாகச் சொல்லிவரும் கணக்கு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், பத்து நாளைக்குத் தேவையான உணவு. பலர் அதைப் படித்துச் சிரித்தார்கள். தமிழ் வீடுகளுக்கு அது சிரிப்பல்ல, வழக்கம். எந்த நேரமும் இருபது கிலோ அரிசி, பருப்பு, நெத்தலிக் கருவாடு, மிளகாய்த்தூள், ரின் மீன். ஊரில் போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலான பிறகும் எங்கள் பெண்கள் அலுமாரியை வெறுமையாக விடமாட்டார்கள். ஆனால் அரிசியைப் பச்சையாய்த் தின்ன முடியாது. இந்த நாட்டுக் குசினியில் அடுப்பு கரண்டில். கரண்ட் போனால் இருபது கிலோ அரிசியும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கரண்ட் போகாது என்று சொல்பவர்களுக்கு நான் மூன்ஸ்டர்லாந்தைச் சொல்வேன். 2005 நவம்பர் 25, எங்களுக்கு மேற்கே, ஈரப்பனி கம்பிகளில் ஒட்டி உறைந்து, காற்றும் சேர்ந்துகொள்ள, 82 மின்கோபுரங்கள் மடங்கின. இரண்டரை லட்சம் பேர் இருட்டில். சில இடங்களில் நாட்கணக்காக. ஆகவே ஒரு சின்ன காஸ் அடுப்பு வாங்கி வையுங்கள், அதை வெளியே, பல்கனியில் வைத்து மட்டும் மூட்டுங்கள். அறைக்குள் மூட்டினால் கார்பன் மொனொக்சைட் மணமில்லாமல் ஆளை எடுக்கும். பாணும் ரின் மீனும் அடுப்பே இல்லாமல் சாப்பிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம். நாங்கள் மறந்துவிடுகிறோம், சோறு இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை என்று நினைக்கிற ஆட்கள்.

இலேனியா வந்த கிழமையில் மேல்மாடி அம்மா நடக்க முடியாத நிலையில் இருந்தார். அவருடைய பல்கனிப் பூச்சாடிகளை நான் இறக்கினேன். ஒவ்வொன்றையும் எந்த இடத்திலிருந்து எடுத்தேன் என்று அவர் கதிரையில் இருந்தபடி எழுதிக்கொண்டார், திரும்ப வைக்கும்போது பிழைக்கக்கூடாதாம். யன்னலுக்கு வெளியே இறங்கும் சுருள்மறைப்பை, ரோல்லாடனை, இழுத்துவிட்டேன். அதுவும் பலருக்குத் தெரியாது: காற்றில் ரோல்லாடனைப் பாதியில் விடக்கூடாது. ஒன்றில் முழுக்க மேலே, அல்லது முழுக்கக் கீழே. பாதியில் நின்றால் காற்று அதைப் பிடித்து அடித்தே முறிக்கும். கெல்லர் யன்னல், கூரைச் சாய்வு யன்னல், இரண்டையும் மறந்துபோவார்கள். கூரையில் இடம்பெயர்ந்த ஓடு ஒன்று இருந்தால் அதற்குக் கீழே காற்று விரலை நுழைத்துவிடும்; பிறகு வரிசையாகக் கிளப்பும். தண்ணீர் பீலிக்குள் அடைந்த இலையையும் ஒக்டோபர் கடைசியில் அள்ளிவிட வேண்டும்.

எங்கள் ஆட்கள் இப்போது சொந்த வீடு வாங்குகிறார்கள். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கட்டிய வீடுகள், பெரிய தோட்டம், தோட்டத்தில் யாரோ நட்டுவிட்டுப்போன பெரிய மரம். குடிபுகும் நாளில் பால் காய்ச்சுவார்கள், புதுக் குசினி போடுவார்கள், சாமியறை வைப்பார்கள். கூரையில் ஒருவரும் ஏறிப் பார்ப்பதில்லை. ஓடு விழுந்து வழியில் போனவருக்குக் காயம் என்றால், ஜேர்மன் சிவில் சட்டத்தின் 836ஆம் பிரிவு வீட்டுக்காரரைத்தான் கேட்கும்: ஒழுங்காகப் பராமரித்தாயா என்று. கூரைத் தொழிலாளியை ஒழுங்காகக் கூப்பிட்டுப் பார்த்த பற்றுச்சீட்டு இருந்தால் பதில் சொல்லலாம். மரத்துக்கும் அதே கதை. அதிலும் ஒரு வேடிக்கை: பறவைகளுக்காக மார்ச் 1 முதல் செப்டெம்பர் 30 வரை வேலிகளையும் பற்றைகளையும் அடியோடு வெட்டத் தடை. அதனால் தோட்டத்துப் பெருவேலை ஒக்டோபரில் தொடங்குகிறது, புயலும் ஒக்டோபரில் தொடங்குகிறது.

குளிர்காலம் மட்டுமே புயற்காலம் என்று எண்ணியிருந்ததும் 2022 இல் முடிந்தது. மே 20, எங்களுக்குத் தென்கிழக்கே நாற்பது கிலோமீற்றர் அளவில் உள்ள பாடர்போர்ன் நகரின் நடுவால் ஒரு டொர்னாடோ போனது. நாற்பதுக்கு மேற்பட்டோர் காயம். அதே நாள் லிப்ஸ்டாட் பக்கம் இன்னொன்று ஒரு தேவாலயக் கோபுரத்தின் கூம்பை முறித்துக் கீழே போட்டது. சில நிமிட வேலை. இதற்கு முகட்டுக் கயிறும் இல்லை, முதல்நாள் அறிவித்தலும் இல்லை. தொலைபேசி அலறினால் யன்னல் இல்லாத அறைக்குள் போவது ஒன்றே வழி. அலறும் ஏற்பாட்டையும் 2021 ஜூலை வெள்ளத்தில் நூற்றெண்பதுக்கு மேல் உயிர்கள் போன பிறகுதான் செய்தார்கள். 2023 பெப்ரவரி முதல், எந்தச் செயலியும் இறக்காமலே, அந்தப் பகுதியில் உள்ள கைத்தொலைபேசிகளுக்கு எச்சரிக்கை வருகிறது. பழைய ஃபோன் வைத்திருக்கும் அம்மாமார், அப்பாமாரின் ஃபோனில் அது வருகிறதா என்று பிள்ளைகள் ஒருதடவை பார்த்துக் கொடுக்கலாம். வந்தாலும் தமிழில் வராது. அதில் என்ன எழுதியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியும் வைக்கலாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது நான் இங்கே தொலைபேசியோடு விழித்திருந்தேன். தங்கச்சியின் வீட்டுக்கு இப்போது கொங்கிறீட் தட்டு. "ஒண்ணுமில்ல அண்ணன், வெள்ளந்தான் வருது, மறுகா எடுக்கிறன்" என்று வைத்துவிட்டாள். ஊரில் எங்கள் வளவு தப்பியது. அறுநூறுக்கு மேல் உயிர்கள் போயின, கூடுதலாக மலையகத்தின் மண்சரிவுகளில். அங்கே கூரை உறுதியா என்பது கேள்வியே அல்ல. வீடு நிற்கும் சரிவு உறுதியா என்பதுதான். தோட்டத்து லயன் காம்பராவில் இருப்பவரிடம் கயிறு கட்டு, பீலி துப்புரவாக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாதுகாப்பான நிலம் கொடுக்காமல் ஆயத்தம் சொல்லிக் கொடுப்பது அரைவேலை.

இங்கே நிலம் உறுதி, சுவர் உறுதி. அதனால்தான் கேட்கிறேன், மிச்ச வேலையையாவது செய்யுங்கள். வீடு வாங்கியவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை கோவையைத் திறந்து காப்புறுதிப் பத்திரத்தை எடுங்கள். வீட்டுக் கட்டடக் காப்புறுதியில் புயல் என்றால் காற்று வலு 8, அதாவது மணிக்கு 62, 63 கிலோமீற்றர், அதிலிருந்துதான் கணக்கு. திறந்துகிடந்த யன்னலால் மழை உள்ளே வந்தால் பொதுவாகத் தரமாட்டார்கள். கடும் மழை வெள்ளமும், கழிவுக்குழாயால் திரும்பிவந்து கெல்லரை நிரப்பும் தண்ணீரும் சாதாரணப் பத்திரத்தில் இல்லை. அதற்கு எலிமென்டார் என்ற தனிச் சேர்ப்பு வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுப் பொருட்களுக்கான பத்திரத்தில் அதே சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புயல் அறிவித்தல் வரும்வரை பார்த்திருக்க வேண்டாம். கையெழுத்து வைத்த அன்றே அது நடைமுறைக்கு வராது. பெரும்பாலான நிறுவனங்கள் சில கிழமைகள் காத்திருப்புக் காலம் வைத்திருக்கின்றன.